விசில் ஊதும் வரை

முன்னெச்சரிக்கை பவனில் எந்தக் காரியமும் திடீரென்று நடந்ததில்லை. நடக்க விடவும் மாட்டார்கள். தில்லியில் நடந்ததை விசாரிக்க ஒரு இலாகா உண்டு, நடப்பதைத் தடுக்க ஒரு இலாகா உண்டு, நடக்காததை நடந்ததாகச் சொல்லவும் ஒன்றிரண்டு இருக்கலாம். மத்திய முன்னெச்சரிக்கை இயக்குநரகம் மட்டும் நடக்கப்போவதற்காகவே ஏற்பட்டது. இடி விழுந்தால் எங்கே ஒதுங்க வேண்டும், வெள்ளம் வந்தால் எதில் ஏற வேண்டும், நாய் துரத்தினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்றெல்லாம் பதினான்கு மொழிகளில் புத்தகம் போடும். வெள்ளத்தைப் பற்றிய புத்தகம் வெள்ளம் வடிந்த பிறகுதான் அச்சாகி வரும். அடுத்த வெள்ளத்துக்கு ஆகும் என்று கிடங்கில் அடுக்குவார்கள். அடுத்த வெள்ளம் வருவதற்குள் பதிப்பு பழசாகிவிட்டதென்று புதுக் குழு ஒன்று உட்கார்ந்துவிடும்.

ஏகாம்பரம் அந்த பவனின் தமிழ்ப் பிரிவு. பிரிவில் வேலை பார்த்தார் என்பதல்ல, பிரிவே அவர் ஒருவர்தான். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மேஜையை விடப் பெரியதாக ஒரு பெயர்ப் பலகை. காஞ்சிபுரத்திலிருந்து வந்து பதினேழு வருஷம் ஆகிறது. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் மனைவி ஜெயலட்சுமியோடு குடித்தனம். ஆங்கிலத்தில் வருகிற ஆபத்துகளையெல்லாம் தமிழில் ஆக்குவது அவர் வேலை. சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டிய அவசியம் அவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அதில் அவருக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. வாக்கியம் தப்பாக இருந்தால் அது மூலத்தில் உள்ள தப்பு.

எழுபத்தொன்பதாம் வருஷம் பிப்ரவரியில், நான்காம் மாடியில் இயக்குநர் அறைக்கு வெளியே நீண்டிருந்த சன்ஷேடின் அடியில் மலைத்தேனீக்கள் வந்து கூடு கட்டின. எந்தக் குழுவையும் கேட்காமல், எந்த நகலும் இணைக்காமல், பத்தே நாளில் ஒரு கதவு அகலத்துக்குக் கட்டி முடித்துவிட்டன. முன்னெச்சரிக்கை பவனில் குறித்த காலத்துக்கு முன்பே முடிந்த ஒரே கட்டுமானப் பணி அதுதான்.

அந்தக் கூட்டின் குணத்தை முதலில் தெரிந்துகொண்டவர் ஏகாம்பரம். மத்தியானம் புல்வெளி வேப்ப மரத்தடியில் எலுமிச்சஞ்சாத டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தவரைச் சுற்றி ஒரு தேனீ வந்தது. அவர் பக்கத்திலிருந்த ஆபீஸ் கோப்பை எடுத்து வீசினார். அடி பட்டது. அந்த ஒன்று போய் மேலே என்ன சொல்லிற்றோ, அடுத்த நிமிஷம் ஒரு கறுப்புப் புகை இறங்கி வந்தது. அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் காற்றை அடித்தார். அடிக்க அடிக்க அவை கூடின.

யாரோ அவர் தலைமேல் ஒரு கோணிப்பையைப் போட்டு மூடினார்கள். முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். சைக்கிள் ஷெட்டை ஒட்டிய சின்ன அறைக்குள் போய் விழுந்ததும் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கோணியை எடுத்தால் எதிரே சந்திரம்மாள் நின்றாள்.

சந்திரம்மாள் புல்வெளி பெருக்குகிறவள். கள்ளக்குறிச்சிப் பக்கம். ஜங்புராவில் பாராபுல்லா நாலா என்கிற சாக்கடைக் கால்வாயை ஒட்டிய மதராசி கேம்ப்பில் குடிசை. எட்டு வருஷமாகத் தினக்கூலி. பவனில் மேலதிகாரியை விட்டால் தமிழ் பேசுகிற ஆள் என்று அவளுக்கு இவர், இவருக்கு அவள். "வூட்டுல அம்மா சௌக்கியமா சார்", "குடிசை ஒழுகுதா" என்ற அளவில் தினம் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள்.

"இன்னா சார் நீங்க, அதுங்களோட சண்டைக்கு நிக்கிறீங்க?" என்று அவர் கழுத்தைத் திருப்பி, கட்டைவிரல் நகத்தால் கொடுக்குகளைச் சுரண்டி எடுத்தாள். "கிள்ளி எடுக்கக் கூடாது சார், உள்ள இருக்கிற வெஷம் எறங்கிடும். சுரண்டணும்."

மூன்று கொடுக்கு எடுத்தாள். அவள் புறங்கையிலும் இரண்டு கொட்டியிருந்தது. அதை அவள் கடைசியில்தான் பார்த்துக்கொண்டாள்.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"எட்டு வருசமா அதுங்க கீழதானே சார் பெருக்குறேன்? வருசா வருசம் இந்தப் பக்கம் எங்கியாவது வந்து கட்டும், வெயில் ஏறினா போயிரும். நாமளா நோண்டக் கூடாது. சத்தம், பொகை, கறுப்புத் துணி ஆகாது. வந்துருச்சுன்னா கைய வீசாம மூஞ்ச மூடிக்கிட்டு ஓடிப்போயி கதவச் சாத்திக்கணும். ஒண்ணு கொட்டுன எடத்துல ஒரு வாசன வரும், அதுக்கு இன்னும் நூறு வரும். அதனால நின்ன எடத்துல நிக்கவே கூடாது. அவ்ளோதான் சார்."

ஏகாம்பரம் கழுத்தில் சுண்ணாம்போடு தன் மேஜைக்குப் போய் இதை அப்படியே ஒரு குறிப்பாக எழுதி, கடைசியில் அவள் சொன்னபடியே 'சூரியன் மறைந்த பின் விவரம் தெரிந்த ஆளைக் கொண்டு கூட்டை அப்புறப்படுத்தலாம்' என்று சேர்த்து, கண்காணிப்பாளர் வைத்தியிடம் கொடுத்தார். வைத்தி கும்பகோணத்துக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"என்னங்காணும், அரைப் பக்கத்துல முடிச்சிட்டீர்? அரைப் பக்கத்தை வச்சுண்டு நான் எந்த மீட்டிங்குக்குப் போறது?"

"விஷயம் அவ்வளவுதான் சார்."

"விஷயம் அவ்வளவுதான்னு தெரிஞ்சா இந்த ஆபீஸே எதுக்கு ஓய்?" என்றார் வைத்தி. கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்குக் கவலையாக இருந்தது.

தேனீத் தற்காப்பு ஆலோசனைக் குழு நான்கு முறை கூடியது. தலைவர் இயக்குநர் மல்ஹோத்ரா சாகேப். சிவப்பாக, உயரமாக, பேசும்போது கண்ணை மூடிக்கொள்கிறவர். கூட்டை எடுத்துவிடலாம் என்ற யோசனை முதல் கூட்டத்திலேயே வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஜென்டில்மென், தேனீ நம்மைத் தாக்குவதில்லை. நம்முடைய ஆயத்தமின்மையைத் தாக்குகிறது. இந்தக் கூடு நமக்குக் கிடைத்த வாய்ப்பு. ஆபத்தை அகற்றிவிட்டால் முன்னெச்சரிக்கைக்கு என்ன வேலை? பக்கத்து இலாகாவில் கூடு இருக்கிறதா? இல்லை. நம்மிடம் இருக்கிறது."

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். தவிர, சன்ஷேடு கட்டடப் பராமரிப்பு இலாகாவுக்குச் சொந்தம், தேனீ வேளாண்மையைச் சேர்ந்தது, இரண்டும் சேர்கிற இடத்தில் யார் கை வைப்பது என்பது தெளிவாகவில்லை. கொட்டு வாங்குகிற உடம்பு மட்டும் யாருடையது என்பதில் சந்தேகம் எழவில்லை.

நான்காம் கூட்டத்தின் முடிவில் 'தேனீக்களும் குடிமக்களும்' என்று அறுபத்து நாலு பக்கத்தில் புத்தகம் தயாராயிற்று. முதல் இருபது பக்கம் வேதகாலத்தில் தேன். அடுத்த முப்பது, அமைப்பு வரைபடங்கள். தேனீ தாக்கினால் யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவர் விடுப்பில் இருந்தால் யாருக்கு என்று அம்புக்குறிகள். சந்திரம்மாள் சொன்னது அறுபத்து மூன்றாம் பக்கத்தில், 'சரிபார்க்கப்படாத கருத்துகள்' என்ற தலைப்பில் நான்கு வரியாக வந்திருந்தது. ஏகாம்பரம் அவள் தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, ஆங்கிலத்தில் வந்ததை மறுபடி தமிழாக்கினார். அதற்குள் 'ஓடிப்போய்' என்பது 'உரிய வழியாக' என்று ஆகியிருந்தது.

மார்ச்சில் முன்னெச்சரிக்கை வாரம் வந்தது. வருஷா வருஷம் அந்த வாரத்தில் ஓர் ஒத்திகை உண்டு. போன வருஷம் தீ. இந்த வருஷம் தேனீ. ஒத்திகை என்றால் பாதிக்கப்பட்ட நபர் ஒருவர் வேண்டும். நிரந்தர ஊழியரைத் தரையில் படுக்கவைக்க விதியில் இடமில்லை, சங்கமும் ஒப்பாது. போன வருஷம் தோட்டக்காரக் கருப்பசாமி படுத்தான். புல்லில் எறும்புப் புற்று. பத்து நிமிஷம் பொறுத்துவிட்டு விசிலுக்கு முன்னால் துள்ளி எழுந்துவிட்டான். ஒத்திகையைக் கெடுத்தான் என்று மறுநாளே தினக்கூலிப் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்துவிட்டார்கள். இன்றைக்கு அவன் ஆசாத்பூர் மண்டியில் மூட்டை தூக்குகிறான்.

"இந்தத் தடவை பொம்மனாட்டியா இருக்கட்டும்னு சாகேப் நெனைக்கறார்" என்றார் வைத்தி. "உமக்குத் தெரிஞ்சவ ஒருத்தி பெருக்கறாளே, அவளுக்கு நிரந்தரத்துக்கு ஃபைல் ஒண்ணு இருக்கு. எட்டு வருஷமா தூங்கறது. ஒத்திகை நன்னா நடந்தா சாகேப் அன்னிக்கே கையெழுத்துப் போட்டுடுவார். நானே எடுத்துண்டு போறேன். கேட்டுப் பாரும்."

ஏகாம்பரம் கேட்டார். அவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"பக்கா பண்ணிருவாங்களா சார்? கார்டு குடுப்பாங்களா? போட்டா ஒட்டி, சிங்கம் போட்டது?"

"குடுப்பாங்க."

"சம்பளம் கெடக்குது சார். அந்தக் கார்டு வேணும். நாலாவுக்கு அந்தப் பக்கம் ரெண்டு வருசம் முந்தி குடிசைங்களப் பிரிச்சாங்களே, சர்க்கார் கார்டு காட்டுன வூட்ட மட்டும் ஒரு மாசம் வுட்டு வெச்சாங்க. ஒரு மாசம் இருந்தா வேற எடம் பாத்துக்கலாம் இல்ல? கார்டு இல்லாதவங்க பாத்திரத்தக்கூட எடுக்க முடியல." அவள் சிரித்தாள். "படுத்துக்கிறதுதானே வேல? எட்டு வருசத்துல இப்பத்தான் படுத்துக்கச் சொல்றாங்க."

ஒத்திகைக்கு முந்தின நாள் நிகழ்ச்சி நிரலை அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டியது ஏகாம்பரத்தின் பொறுப்பு என்று சுற்றறிக்கை வந்திருந்தது. அவர் வரி வரியாகச் சொன்னார். பதினொன்று இருபதுக்கு மின்சாரச் சங்கு ஊதும். எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்துவார்கள். அவள் புல்வெளி நடுவில் விழுந்து கிடக்க வேண்டும். பதினொன்று நாற்பதுக்கு விசில். விசில் ஊதியதும் முதலுதவி பெற்றுக் குணமடைந்ததாகக் கருதப்பட்டு எழுந்து மேடைக்கு வந்து சாகேபுக்கு வணக்கம் சொல்ல வேண்டும்.

"விசில் ஊதுற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. அதுதான் முக்கியம்" என்றார்.

"கருப்பசாமி கததான் தெரியுமே. எறும்பு இல்ல, பாம்பே வந்தாலும் அசைய மாட்டேன்" என்றவள் தலையை நிமிர்த்திக் கூட்டைப் பார்த்தாள். "சங்கு அங்கியா கட்டியிருக்காங்க? சன்சேடுலயா? சத்தம் ஆகாது சார் அதுங்களுக்கு. நெசமாவே வந்துருச்சுன்னா?"

நல்ல கேள்வி. ஏகாம்பரம் வைத்தியிடம் கேட்டார். வைத்தி மாடிக்குப் போய்ச் சாகேபிடம் கேட்டார். சாகேப் நிரலைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஒரு பதில் சொன்னார். அதை வைத்தி தாளில் எழுதிக்கொண்டே வந்தார். 'இந்த ஒத்திகையில் தேனீக்கள் பங்கேற்பதற்கு ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை.'

ஏகாம்பரம் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். பதினேழு வருஷத்தில் எத்தனையோ கடினமான ஆங்கிலத்தை அவர் தமிழாக்கியிருக்கிறார். இதை ஒரே சொல்லில் முடித்தார்.

"வராதாம்."

"அப்படின்னா சரி சார்" என்று அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

விசிலுக்கு மூன்று நகலில் கோரிக்கை எழுதிக் கிடங்கிலிருந்து ஏகாம்பரம் பெயரில் வாங்கினார்கள். ஊதவேண்டிய ஆளும் அவர்தான், உத்தரவு இயக்குநருடையது. பித்தளை விசில். சட்டைப்பையில் போட்டுக்கொண்டபோது கொஞ்சம் கனத்தது. "பத்திரம் சார்" என்று சந்திரம்மாள்கூடச் சொன்னாள்.

மறுநாள் காலை ஷாமியானா போட்டு, செண்டுப்பூ மாலைகள் கட்டி, வாடகை பேண்டு வாசித்தார்கள். தேனீக்கூட்டத்தைக் குறிக்கும் விதமாகத் தார் டின்னில் ஈர வைக்கோல் போட்டுப் புகை எழுப்பினார்கள். அது சுருண்டு நேராக நான்காம் மாடிக்குப் போயிற்று. பாதிக்கப்பட்ட நபருக்குச் சீருடை வேண்டுமே என்று கிடங்கிலிருந்து ஒரு கருநீலக் கம்பளிக் கோட்டைக் கொடுத்திருந்தார்கள். கறுத்த உடை ஆகாது என்று புத்தகத்தில் அறுபத்து மூன்றாம் பக்கம் இருந்தது. கிடங்கில் வேறு நிறம் இல்லை.

சாகேப் பேசினார். "பாரதத்தின் ஒவ்வொரு தேனீயும் இன்று நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிறது" என்றார். அதுவரை அவர் பேசியதிலேயே உண்மையான வாக்கியம் அது ஒன்றுதான். பதினொன்று இருபதுக்குச் சங்கு ஊதிற்று. அதைக் கூட்டுக்கு நாலு முழத்தில் கட்டியிருந்தார்கள்.

சன்ஷேடின் அடியில் இருந்த கதவு அகலக் கறுப்பு ஒரு தடவை அலை மாதிரி நெளிந்து, கழன்று, கீழே இறங்கியது.

முன்னெச்சரிக்கை பவனின் வரலாற்றில் அப்படி ஒரு ஒத்திகை நடந்ததில்லை. போன வருஷம் நெருப்புக்கு டீயைக் குடித்து முடித்துவிட்டு நடந்து வந்தவர்கள், இந்த வருஷம் வேட்டியையும் புடவையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பறந்தார்கள். பேண்டுக்காரன் டிரம்மைப் போட்டுவிட்டு ஓடினான். ஒரு நிமிஷத்தில் புல்வெளி காலி. கண்ணாடிக் கதவுகளைச் சாத்தித் தாழ் போட்டார்கள். கூடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற கூட்டத்தின் நடுவில் மல்ஹோத்ரா சாகேப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஐம்பத்திரண்டு செகண்ட்!" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. "ஜென்டில்மென், ஐம்பத்திரண்டு!"

யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள்.

ஏகாம்பரம் கண்ணாடிக்கு அருகில் நின்றிருந்தார். புல்வெளியின் நடுவில் கருநீலக் கோட்டுச் சுருண்டு கிடந்தது. கோட்டின் மேல் இன்னொரு கோட்டுப் போட்டது போலத் தேனீக்கள் மொய்த்திருந்தன. முந்தானையை இழுத்து முகத்தை மூடியிருந்தாள். கால்கள் மூடப்படாமல் இருந்தன. அவை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டன. அவள் எழுந்திருக்கவில்லை.

"என்ன நடிப்பு!" என்று பின்னால் ஒருவர் இந்தியில் சொன்னார். "கியா பாத் ஹை!"

"சார்" என்று ஏகாம்பரம் வைத்தியின் கையைப் பிடித்தார். "ஊதிடட்டுமா?"

வைத்தி வெளியே பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. அதை மறுப்பதற்கில்லை. "சாகேபைக் கேக்கணுமே ஓய்" என்று திரும்பி, ஆங்கிலத்தில் கேட்டார்.

சாகேப் நிரலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொன்று இருபத்து நாலு. இன்னும் பதினாறு நிமிஷம் இருக்கிறதே. விசில் கேட்டால் எல்லாக் கதவும் திறந்துவிடும் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்? அறுநூறு பேர் இருக்கிறோம் உள்ளே. ஒருவருக்காக அறுநூறு பேரை ஆபத்தில் தள்ளுவது முன்னெச்சரிக்கையா? அவளை அப்படியே இருக்கச் சொல்லுங்கள். புத்தகம் என்ன சொல்கிறது? பதற்றம் கூடாது."

அவர் கெட்டவர் இல்லை. அப்படி ஒரு விஷயம் தன் கண்ணெதிரே நடக்கும் என்று அவருக்கு யாரும் குறிப்பு வைக்கவில்லை.

அப்போதுதான் அவள் தலையைத் தூக்கினாள். முந்தானையைக் கொஞ்சம் விலக்கி, கண்ணாடிக் கதவுகள் எல்லாவற்றிலும் தேடி, ஏகாம்பரம் நின்ற கதவில் கண்ணை நிறுத்தினாள். ஒரு கண் அதற்குள் மூடிப்போயிருந்தது. அழவில்லை, கூப்பிடவில்லை. எழுந்திருக்கலாமா என்று கேட்கிற பார்வை. பிப்ரவரியில் ஒரு மத்தியானம் யாரையும் கேட்காமல் கோணிப்பையோடு ஓடி வந்தவள், இன்றைக்குக் கேட்டாள்.

"இருக்கச் சொல்லும், ஜல்தி" என்றார் வைத்தி.

ஏகாம்பரத்தின் வலது கை மேலே போயிற்று. உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினார். பொறு.

அவள் தலையைக் கீழே வைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு அவர் சும்மா நின்றார் என்று சொல்ல முடியாது. கதவுத் தாழில் கை வைத்தார். காவலுக்கு நின்ற சௌகிதார் அவர் கையைப் பார்த்து, "ஆர்டர் ஹை, பாபுஜி?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். இல்லை. அவர் கையை எடுத்துவிட்டார். சட்டைப்பையில் விசில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே பார்ப்பதை விட அது சுலபமாக இருந்தது. அந்தப் பதினைந்து நிமிஷமும் அவர் மனம் கெஞ்சியதெல்லாம் முள் சீக்கிரம் நகர வேண்டும் என்றுதான். ஊது என்று அது சொல்லவே இல்லை. நாசமாய்ப் போன மனசு.

பதினொன்று நாற்பது. சாகேப் தலையை அசைத்தார். ஏகாம்பரம் விசிலை ஊதினார். நன்றாகத்தான் ஊதிற்று. அவள் எழுந்திருக்கவில்லை.

மாலை ஐந்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் அவள் இறந்துபோனாள். அலுவலக நேரம் ஐந்தரையோடு முடிந்துவிட்டதால், அது பணி நேரத்தில் நேர்ந்ததாகாது என்று நிர்வாகப் பிரிவு குறிப்பு எழுதியது. அவளுடைய நிரந்தரப் பணிக் கோப்பு, 'விண்ணப்பதாரர் பணிக்கு வராததால்' முடித்து வைக்கப்பட்டது. வைத்தி அந்தக் கோப்பில் கையெழுத்துப் போடாமல் இரண்டு நாள் மேஜைக்குள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் போட்டார்.

நாலாம் நாள் வேலு வந்தான். சந்திரம்மாளின் புருஷன். கட்டட வேலைக்காரன். மழிக்காத முகத்தோடு பவன் வாசலில் நின்றவனுக்கு உள்ளே வரச் சீட்டுக் கிடைக்கவில்லை. ஏகாம்பரம் இறங்கி வந்தார்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றான். "அந்த விசிலு யாருகிட்ட இருந்துச்சு?"

ஏகாம்பரம் அவன் காலைப் பார்த்தார். "ஆபீசுல இருந்துச்சுப்பா."

வேலு அவர் முகத்தையே பார்த்தான். "சரிங்க சார்" என்று போய்விட்டான்.

ஒத்திகை அறிக்கை நாற்பது பக்கம் வந்தது. வெளியேற்றம் ஐம்பத்திரண்டு விநாடி, சாதனை. பாதிக்கப்பட்டோர் எதிர்பார்க்கப்பட்டது ஒன்று, பதிவானது ஒன்று, மாறுதல் இல்லை. ஒரே ஒரு குறை மட்டும் குறிப்பிடப்பட்டிருந்தது. விசில் ஊதிய பிறகு பாதிக்கப்பட்ட நபர் நிரலின்படி எழுந்து மேடைக்கு வரத் தவறினார். தமிழில் அறிவுறுத்தல் சரியாக வழங்கப்பட்டதா என்று தமிழ்ப் பிரிவிடம் ஏழு நாளில் விளக்கம் கேட்கலாம்.

ஏழாம் நாள் ஏகாம்பரம் விளக்கம் எழுதினார். அவர் வாழ்க்கையில் மூலம் இல்லாமல் எழுதிய முதல் எழுத்து அது. தமிழிலேயே எழுதினார்.

'அறிவுறுத்தல் சரியாக வழங்கப்பட்டது. அவர் அதைச் சரியாகக் கடைப்பிடித்தார். தேனீ வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஓட வேண்டாம் என்று சொன்னது நான். வராது என்று சொன்னதும் நான். என்னைப் பார்த்தார். பொறு என்று கை காட்டினேன். அந்த நேரம் முழுவதும் விசில் என் சட்டைப்பையில் இருந்தது.'

விளக்கம் மேலே போயிற்று. தமிழில் இருப்பதால் சாகேபால் படிக்க முடியவில்லை. 'தமிழ்ப் பிரிவு மொழிபெயர்த்து அளிக்கவும்' என்ற குறிப்போடு அது மறுநாள் ஏகாம்பரத்தின் மேஜைக்கே திரும்பி வந்தது. அவர் அதை எதிரில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல வரி வரியாக, ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் ஆக்கினார். கடைசி வரியில் பேனா நின்றது. அந்தக் கட்டடத்தில் பதினேழு வருஷத்தில் முதல் முறையாக அவர் மேஜையில் தலை கவிழ்ந்து அழுதார். பக்கத்து ஒரியாப் பிரிவு எழுந்து வந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தது.

பத்து நாளில் பதில் வந்தது.

'விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. விசிலைச் சட்டைப்பையில் வைத்திருந்தது குறையாகக் கருதப்படுகிறது. இனி வரும் ஒத்திகைகளில் விசிலைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிய வேண்டும். கயிறு கிடங்கில் கிடைக்கும்.'

கயிறும் வந்தது. வெள்ளைப் பருத்திக் கயிறு, மூன்று நகல் ரசீதோடு. தேனீக்கள் ஏப்ரல் வெயில் ஏறியதும், யாரிடமும் சொல்லாமல், கூட்டை விட்டுவிட்டுப் போய்விட்டன. சந்திரம்மாள் சொன்ன மாதிரிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏகாம்பரம் ஜங்புரா பஸ் ஏறினார். நாலாவை ஒட்டி நடந்து, இரண்டு பேரிடம் விசாரித்து, மதராசி கேம்ப்பில் அந்தக் குடிசையைக் கண்டுபிடித்தார். வேலு வாசலில் குந்தி, ஒரு பானையின் அடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"வேலு, நீ அன்னிக்கு வந்து கேட்டியே. நான் பொய் சொல்லிட்டேன்" என்றார் ஏகாம்பரம். பஸ்ஸில் வரும்போது வேறு என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தார், ஒன்றும் வரவில்லை. "விசில் என்கிட்டதான் இருந்துச்சு. என் சட்டைப்பையில."

"தெரியும் சார்" என்றான் வேலு.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"காலையில கெளம்பறப்பவே சொல்லிட்டுத்தான் போனா. பூச்சிய நம்பாத, கார்டும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு நான்தான் சண்ட போட்டேன். 'அட போய்யா, விசிலு ஏகாம்பரம் சார் கையில இருக்குது, அவரு பாத்துக்கிட்டு நிப்பாரா?'ன்னு சிரிச்சா." வேலு பானையை எடுத்துச் சுவரோரம் கவிழ்த்தான். "அதான் சார் ஒங்ககிட்ட வந்து கேட்டேன். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

உள்ளே போய் ஒரு ஸ்டூலைக் கொண்டு வந்து போட்டான்.

"வெயிலா இருக்குது, உக்காருங்க சார்" என்றான்.

ஏகாம்பரம் உட்காரவில்லை. அவன் திரும்பவும் உட்காரச் சொல்வதற்காகக் காத்திருப்பவர் போல, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அங்கேயே நின்றார்.